கொட்டகைக் குரலும் ஒலிவாங்கிக் குரலும்

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுக்கப்பெற்ற தமிழ், அம்மூன்றும் ஒருங்கே வந்து கூடும் இடமாகக் கொண்டது இசை நாடகத்தை. அங்கே சொல் பாட்டாகிறது, பாட்டு நடிப்பாகிறது. அவ்வனைத்தையும் சுமந்து நிற்கும் கருவியோ ஒன்றுதான். அது நடிகனுடைய குரல். வேடம் எளியதாயினும், திரை கிழிந்ததாயினும், விளக்கு மங்கியதாயினும் நாடகம் நடந்துவிடும். குரல் குன்றினால் நாடகம் இல்லை.

ஆயினும், நம் முன்னோர் போற்றிய குரல் வேறு. நாம் இன்று போற்றும் குரல் வேறு. எஸ். ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டை முதன்முதலாகக் கேட்கும் இன்றைய மாணவன், “இவர் ஏன் இத்துணை உச்சத்தில் நின்று பாடுகிறார்?” என வியப்பான். அவனுடைய பாட்டனாரோ இன்றைய பாட்டைக் கேட்டு, “இவன் ஏன் வாய்க்குள்ளேயே பாடுகிறான்?” என வினவுவார். ஒருவர்க்குப் பழையது கூச்சலாகவும், மற்றவர்க்குப் புதியது முணுமுணுப்பாகவும் தோன்றுகின்றன. இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதையும், அவ்விடையை அறிவதனால் வன்னியில் எஞ்சி நிற்கும் கூத்துக் கலைக்கு யாது பயன் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கொட்டகையின் இயல்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பார்சி நாடகக் குழுக்கள் இந்தியாவெங்கும் சென்று, திரையும் பக்கப் படுதாவும் ஆர்மோனியமும் கொண்ட புதிய மேடையொன்றைப் பரப்பின. அம்மேடைக்குத் தமிழுரு அளித்தவர்களுள் தலைசிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலாக அவர் இயற்றிய நாடகங்கள் தமிழகத்தைக் கடந்து ஈழத்துக்கும் வந்தன. இங்குள்ளோர் அவற்றைக் கொட்டகைக் கூத்து என்றும், டிறாமா என்றும், அண்ணாவி நாடகம் என்றும் வழங்கினர்.

‘கொட்டகை’ என்னும் பெயரிலேயே செய்தி அடங்கியிருக்கின்றது. கிடுகு வேய்ந்த கூரை. நாற்புறமும் பெரும்பாலும் திறந்த வெளி. மண்தரையிலே பாய் விரித்து அமர்ந்த மக்கள். அழும் குழந்தை, கடலை விற்போன் குரல், புறத்தே கட்டிய மாட்டின் மணியோசை. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். கற்சுவர் கொண்ட மண்டபம் குரலைத் திருப்பி அனுப்பும்; கிடுகும் திறந்த வெளியும் குரலை விழுங்கிவிடும். இத்தகைய இடத்திலே, ஒலிபெருக்கி என்னும் பெயரையே கேட்டறியாத காலத்தில், கடைசிப் பாயில் அமர்ந்தவன் காதில் ஒவ்வொரு சொல்லும் விழும்படி பாடவேண்டும். இதுவே பழைய ராஜபார்ட் நடிகனுக்கு விதிக்கப்பட்ட சோதனை.

அச்சோதனையை அவன் வென்ற வழி, சுருதியை உயர்த்துதல். நம் இசைக்காரர் சுருதியைக் ‘கட்டை’ என்னும் அளவாற் குறிப்பர். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என வரிசையாக எண்ணுவதால் வந்த வழக்கு இது. இன்று கச்சேரி செய்யும் ஆண்பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியே பாடுகின்றனர். அங்கே ஆதார சட்சம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள் கொண்டது. பழைய நாடக நடிகரோ நான்கு கட்டையிலும் அதற்கு மேலும் நின்று பாடினர். நான்கு கட்டையில் ஆதார சட்சம் ஏறத்தாழ 175 அதிர்வு. அதிலிருந்து வலிவு மண்டிலமாகிய தார ஸ்தாயியின் பஞ்சமத்தைத் தொட்டால் 523 அதிர்வு. ஒரு கட்டைக்காரர் அதே பஞ்சமத்தைத் தொடும்போது 392 அதிர்வுகளே எழும். இந்த 523 என்னும் எண்ணை வாசகர் நினைவிற் கொள்வாராக. மேனாட்டு இசையைப் பற்றிக் கூறுமிடத்து இது மீண்டும் வரும்.

சுருதி உயர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, செவியின் இயல்பு. மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை விட நொடிக்கு 2000 முதல் 4000 வரையான அதிர்வுகளை மிக நுட்பமாகக் கேட்கவல்லது. குரலை உயர்த்தி, வாயை அகலத் திறந்து பாடும்போது குரலின் ஆற்றல் அப்பகுதியை நோக்கிச் செல்கின்றது. ஆதலின் அது இரைச்சலைக் கிழித்துக்கொண்டு செல்லும். இரண்டாவது, துணைக்கருவி. காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஓங்கிய ஒலியுடையது. அதன் மேலெழாத குரல் அதனுள் மறைந்துவிடும். மூன்றாவது, ஆண்பாத்திரமும் பெண்பாத்திரமும் ஒரே சுருதியிற் பாடவேண்டிய தேவை. வள்ளியும் வேடனும் தர்க்கப் பாட்டுப் பாடும்போது பாட்டுக்குப் பாட்டு ஆர்மோனியச் சுருதியை மாற்ற இயலாது. பெண்குரலுக்கு இயல்பான சுருதி ஏறத்தாழ ஐந்து கட்டை. ஆகவே ஆண் நடிகனே பெண்குரலின் சுருதியை நோக்கி ஏறவேண்டியதாயிற்று.

கிட்டப்பாவும் அவர் வழியினரும்

இப்பாணியின் கொடுமுடி எஸ். ஜி. கிட்டப்பா. செங்கோட்டையில் 1906இல் பிறந்து, சிறுவயதிலேயே மேடையேறிக் கன்னையா குழுவின் நாடகங்களாற் பெரும்புகழ் ஈட்டி, 1933 டிசெம்பரில் தமது 27ஆவது வயதில் மறைந்தவர். அவர் கே. பி. சுந்தராம்பாளோடு இணைந்து நடிக்கத் தொடங்கிய மேடை நமது ஈழத்து மேடையே என்பது நாம் நினைவுகூரத்தக்கது. 1926 அளவில் கொழும்பிலே ஒருங்கு நடித்த அவ்விருவரும் 1927இல் மணம்புரிந்தனர். கிட்டப்பாவின் இசைத்தட்டுக்களைக் கேட்போர் மூன்று செய்திகளை உணரலாம். வலிவு மண்டிலத்திலே அவர் குரல் இளைப்பதில்லை. அதிவேகமான பிருகாக்கள் முத்துக் கோத்தாற்போல ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்து விழுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த உச்சத்திலும் தமிழ்ச் சொல்லின் எழுத்து சிதைவதில்லை.

அவர்க்குப் பின் வந்தோருள் எம். கே. தியாகராஜ பாகவதர் (1910–1959) அக்குரலுக்கு மென்மையையும் குழைவையும் சேர்த்தார்; பி. யு. சின்னப்பா (1916–1951) வீறும் முறுக்கும் சேர்த்தார். இருவரும் நாடகமேடையிற் பயின்று திரைப்படத்துக்குச் சென்றவர்கள். பாகவதரின் முதற்படமாகிய ‘பவளக்கொடி’ 1934இலும், சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியதாகப் பேசப்படும் ‘ஹரிதாஸ்’ 1944இலும் வெளிவந்தன. திரைப்படத்தில் ஒலிவாங்கி இருந்தும் அவர்கள் கொட்டகைக் குரலையே ஆண்டனர். பழகிய தொண்டை ஒரே நாளில் மாறுவதில்லை. கேட்டுப் பழகிய செவியும் அத்தகையதே.

மேனாட்டு மேடையில் ஒரு மறுதலை

இடத்துக்கேற்பக் குரல் மாறுதல் தமிழ் மேடைக்கு மட்டும் உரிய செய்தியன்று. நமது இசை நாடகத்துக்கு ஒப்பாக ஐரோப்பியரிடம் வழங்குவது ‘ஒப்பரா’ என்னும் இசை நாடகம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் தோன்றிய அக்கலையில், மொன்ரெவேர்டி இயற்றி 1607இல் மந்துவா நகரில் அரங்கேறிய ‘ஓர்பேயோ’ இன்றும் ஆடப்பெறுகின்றது. அம்மேடையில் நமது ராஜபார்ட்டுக்கு நிகரான உயர்ந்த ஆண்குரலை ‘ரெனர்’ என்பர். ‘தாங்குதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

பழைய ரெனர் பாணி மென்மையானது. நடு மண்டிலத்தை நெஞ்சுக் குரலிற் பாடி, உச்ச சுரங்களைத் தலைக் குரல் எனப்படும் மெல்லிய குரலால் தொட்டுச் செல்வது அதன் இயல்பு. நுண்ணிய அசைவுகளும் சங்கதிகளும் நிறைந்த அப்பாணியிற் பாடகன் தன் கற்பனைக்கேற்ப மெட்டை அழகுசெய்ய உரிமை பெற்றிருந்தான். ரொசீனியின் ‘கியோம் தெல்’ 1829இல் பாரிசில் அரங்கேறியபோது தலைமை ரெனர் பாத்திரத்தைப் பாடிய அடொல்ப் நூரி இப்பாணியிற் கைவந்தவர்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. 1831இல் இத்தாலியின் லூக்கா நகரில் அதே நாடகத்தைப் பாடிய கில்பேர் தியூப்ரே என்பார், உச்ச சட்சத்தைத் தலைக் குரலில் அன்றி முழு நெஞ்சுக் குரலிலேயே ஓங்கிப் பாடினார். அந்த உச்ச சட்சம் இன்றைய அளவிலே நொடிக்கு 523 அதிர்வுகள் கொண்டது. நம் நாடக நடிகர் நான்கு கட்டைச் சுருதியில் தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்ட அதே இடம்! கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும், ஒன்றையொன்று அறியாத இரு கலைகள், ஆண்குரலின் எல்லையாக ஒரே படியைக் கண்டன.

1837இல் தியூப்ரே பாரிசில் அவ்வாறு பாடியபோது மக்கள் ஆரவாரித்தனர். நாடகத்தை இயற்றிய ரொசீனியோ அவ்வொலியை வெறுத்தார். புதிய முறையைக் கற்கவேண்டி இத்தாலிக்குச் சென்ற நூரி, தமது பழைய குரலின் மென்மையை இழந்து, மனம் நொந்து, 1839 மார்ச்சு 8ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் மாடியிலிருந்து வீழ்ந்து உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு வயது 37. ஒரு பாணி மறைந்து மற்றொன்று எழும்போது அதன் இடையே அகப்பட்ட கலைஞன் படும் துயருக்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் அரங்குகள் பெருத்தன. வாத்தியக் குழுக்களும் பெருத்தன. 1883இல் திறக்கப்பட்ட நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கு மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டது. ஐம்பது, அறுபது வாத்தியங்களைக் கடந்து செல்லவேண்டிய குரல் வலிமை பெற்றது; மென்மையை இழந்தது. 1890களில், எளிய மக்களின் காதலும் கொலையும் கூறும் உணர்ச்சி நாடகங்கள் மேடையைப் பற்றிக்கொண்டபோது, நுண்ணிய சங்கதிகளுக்கு இடமற்றுப்போயிற்று. பேர்ணாண்டோ தெ லூச்சியா (1860–1925) பாடிய இசைத்தட்டையும் மரியோ தெல் மொனாக்கோ (1915–1982) பாடிய இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், இருவரும் ஒரே கலையினர் என நம்பத் தயங்குவர். முன்னவரிடம் ஒரே சுரம் பெருகிச் சிறுத்துத் தேய்கின்றது. பின்னவரிடம் அது எஃகுக் கம்பிபோல் நீள்கின்றது. இருவர்க்கும் நடுவே கதவின் கீல்போல நிற்பவர் என்றிக்கோ கரூசோ (1873–1921). 1902 ஏப்பிரலில் மிலான் நகரில் அவர் பாட்டை முதன்முதற் பதிவுசெய்த பிரெட் கெயிஸ்பேர்க் என்பவரே, அவ்வாண்டு நவம்பரிற் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டையும் பதிவுசெய்தார். இரு நாட்டுப் பழைய குரல்களையும் நமக்குக் காத்துத் தந்த கை ஒன்றே எனலாம்.

மேனாட்டார் தம் குரலின் வலிமைக்குக் காரணத்தையும் ஆராய்ந்துள்ளனர். சுவீடன் நாட்டு அறிஞர் யொஹான் சுண்ட்பேர்க் 1970களில் வெளியிட்ட ஆராய்ச்சிகள், பயின்ற பாடகனின் குரலில் நொடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் ஒரு தனிச்செறிவு உண்டாவதைக் காட்டின. வாத்தியக் குழுவின் ஒலியாற்றல் ஏறத்தாழ 500 அதிர்வுகளை ஒட்டியே மிகுந்திருத்தலால், 3000இல் வரும் குரல் அதன் மேலே தனித்து ஒலிக்கின்றது. குரல்வளையைச் சிறிது தாழ்த்தி, தொண்டையை அகலவைத்து இச்செறிவை அவர்கள் பெறுவர். அம்முறைக்கு ஒரு விலையும் உண்டு: உயிரெழுத்துக்கள் இருண்டு ஒன்றையொன்று ஒத்துவிடும்; உச்சத்திற் சொல் விளங்காது. நம் நடிகர் குரல்வளையைத் தாழ்த்தாமல், வாயைத் திறந்து, சொல்லைப் பல்லுக்கும் உதட்டுக்கும் அருகிலே வைத்துப் பாடினர். ஆதலின் சொல் காக்கப்பெற்றது.

ஒலிவாங்கி செய்த மாற்றம்

மேனாட்டிலே பழைய குரல் மென்மையானது. புதிய குரல் ஓங்கியது. தமிழகத்திலோ பழைய குரல் ஓங்கியது. புதிய குரல் மென்மையானது. மாற்றம் எதிரெதிராக நிகழ்ந்தும் காரணம் ஒன்றே. அங்கே அரங்கும் வாத்தியமும் பெருத்தன. ஒலிவாங்கியின் உதவியை அவர்கள் நெடுங்காலம் நாடாமையால் குரலே பெருக்கவேண்டியதாயிற்று. இங்கே ஒலிவாங்கி வந்து தொலைவை அழித்தது. குரல் பெருக்கவேண்டிய தேவை நீங்கிற்று. குரலை வகுப்பது இடமே. முதலிற் கூறிய பேரனுக்கும் பாட்டனார்க்கும் உரிய விடை இதுதான்: கிட்டப்பா கடைசிப் பாயில் இருந்தவனுக்குப் பாடினார், இன்றைய பாடகர் நான்கு விரற்கடை தொலைவிலுள்ள கருவிக்குப் பாடுகிறார்.

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது முதற் சில ஆண்டுகள் தமிழ்ப் படங்களில் நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாடவேண்டியிருந்தது. 1938இல் வந்த ‘நந்தகுமார்’ முதலாக ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறை புகுந்தது. அம்முறையில் நடிப்பவர்க்குக் குரல் வேண்டுவதில்லை. பாடுபவர்க்கு மேடை வேண்டுவதில்லை. அதன் பயனாக, ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் போன்றோருடைய மெல்லிய குரல்கள் தமிழர் இல்லந்தோறும் புகுந்தன. கொட்டகைக் காலத்தில் இத்தகைய குரல்கள் மூன்றாவது வரிசையைக் கூடத் தாண்டியிரா. தனிமையில் ஒருவன் தன் நெஞ்சோடு பேசுவதுபோலப் பாடும் பாட்டு, காதோடு கூறும் காதல், அடங்கிய துயரம் ஆகியன இசையிலே புதிதாகப் பிறந்தன. இது பெரும்பேறு, இதனை இழப்பெனக் கூறுதல் நடுநிலையன்று.

இரு காலத்துக்கும் பாலமாக நின்றவர் டி. எம். சௌந்தரராஜன். 1950இல் வெளிவந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்திற் பாகவதரின் பாணியைத் தழுவிப் பாடித் தொடங்கிய அவர், பின்னர் நடிகர்க்கேற்பக் குரலை மாற்றி அமைக்கும் புதிய கலையை வளர்த்தார். ஆயினும் சொல்லைத் தெளிவாகவும் அழுத்தமாகவும் உச்சரிக்கும் பழைய மேடைப் பண்பை அவர் கைவிட்டதில்லை. சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988) ஒலிவாங்கியின் முன் நின்றும் உயர்சுருதியையும் திறந்த குரலையும் விடாதிருந்தார். வன்னிக் கோயில்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கி வழியே எழும் அவருடைய பக்திப் பாடல்களைக் கேளாதார் நம்முள் யார்? ஒலிவாங்கி வந்தபின் கொட்டகைக் குரல் கட்டாயமாக அழியவேண்டியதில்லை, அதனை விடுவதும் வைத்திருப்பதும் பாடகர் தெரிவே என்பதற்கு இவர் சான்றாவர்.

மேனாட்டாரும் முடிவில் ஒலிவாங்கியை நாடினர். 1990 யூலை 7ஆம் நாள் உரோம நகரத்துப் பழைய குளிப்பு மண்டப இடிபாடுகளின் நடுவே பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் ஆகிய மூன்று ரெனர்கள் திறந்த வெளியிற் பாடியபோது ஒலிபெருக்கியின் துணையோடேயே பாடினர். அதனை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டு மகிழ்ந்தனர். ஒப்பரா அரங்கின் உள்ளேயோ ஒலிவாங்கியின்றிப் பாடும் மரபை இன்றும் பெரும்பாலும் காத்துவருகின்றனர். ஒரு கலை புதுக்கருவியை ஏற்றுக்கொண்டே தன் பழைய பயிற்சியையும் விடாதிருத்தல் கூடும் என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

வன்னியின் கூத்தும் குரலும்

இவ்வாராய்ச்சி நம் வன்னி நாட்டுக்கு எவ்வாறு பொருந்தும்? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு தழைத்த முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து நெடுங்காலமாக ஆடப்பெற்று வருகின்றது. அதன் ஆட்டமும் பாட்டும் தமக்கெனத் தனித்தன்மை கொண்டிருத்தலின் முல்லைமோடி எனவும் அதனை வழங்குவர். ‘சிலம்பு கூறல்’ என்னும் பாடல்நூலும் இந்நாட்டில் வழங்கும் செல்வமாகும். இவற்றோடு காத்தவராயன் கூத்து ஊர்தோறும் ஆடப்பெறுகின்றது. வயலிலும் காட்டோரத்திலும் எழுந்த குருவிப் பள்ளு, பன்றிப் பள்ளு, அரிவிவெட்டுப் பாடல்கள் ஆகியன, தொலைவிலுள்ளார்க்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரல்வளத்தின் சான்றுகள்.

கூத்துக்காரனின் சோதனை நாடக நடிகனுடையதினும் கடியது. அவன் ஆடிக்கொண்டே பாடவேண்டும். இதற்கு மரபு கண்ட உபாயம் பிற்பாட்டு. ஆடுபவன் ஓரடியைப் பாட, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனை வாங்கிப் பாடுவர். அவர்கள் பாடும் நேரத்தில் ஆடுபவன் மூச்சை மீட்டுக்கொள்கின்றான். கேட்போர்க்குச் சொல் இருமுறை காதில் விழுகின்றது. குரலும் மூச்சும் ஆட்டமும் ஒன்றையொன்று தாங்கும்படி அமைந்த இம்முறை, ஒலிவாங்கியற்ற காலத்தின் அறிவுத்திறனுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஒலிவாங்கி களரிக்கு வந்தபின் நிகழ்ந்தது யாது? நிலையாக நாட்டிய ஒலிவாங்கியை நோக்கி நடிகன் ஓடிவருகின்றான்; நின்று பாடுகின்றான்; பாட்டு முடிந்தபின் ஆடச் செல்கின்றான். ஆட்டமும் பாட்டும் பிரிந்துவிடுகின்றன. பிற்பாட்டுக்காரரிடம் தனியே ஓர் ஒலிவாங்கி இருப்பின் அவர்கள் குரல் நடிகனுடைய குரலை மூடிவிடுகின்றது. மத்தளத்தின் அருகே மற்றொன்றை வைத்துவிட்டாலோ சொல் முழுவதும் மறைகின்றது. ஒலி பெருகிற்று, பொருள் சுருங்கிற்று. சொல்லைக் கொண்டுசேர்க்க வந்த கருவி சொல்லையே மறைக்குமாயின், அக்குறை கருவியினுடையது அன்று, ஆள்வோருடையது.

இங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட முயற்சி நினைவுகூரத்தக்கது. மட்டக்களப்பு மரபைத் தழுவி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை நகர மேடைக்கேற்ப மாற்றியபோது, அவர் நேரத்தைச் சுருக்கினார். ஆனால் ஆடிக்கொண்டே பாடும் அடிப்படையை விட்டுவிடவில்லை. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) ஒலிபெருக்கி பரவிய காலத்தில் வாழ்ந்தும் கொட்டகைக் குரலையே ஆண்டார். ‘மயான காண்டம்’ நாடகத்தில் அரிச்சந்திரனாக அவர் பாடியதைக் கேட்டவர்கள், ஒலிவாங்கி அவர்க்கு ஊன்றுகோலாக இருந்ததில்லை என்பதை அறிவர்.

இவையெல்லாம் இன்று அவசரமான செய்திகளாகின்றன. கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டில் நிற்கின்றது. கரூசோவின் குரலும் அவ்வாறே. நம் ஊர் அண்ணாவிமார் பலருடைய குரல் எங்கே நிற்கின்றது? கூத்து ஏட்டினைப் படியெடுத்து வைக்கலாம். ஏட்டிலே சொல் உண்டு, தாளக் குறிப்பு உண்டு. மெட்டின் வளைவும் மூச்சின் நீளமும் சொல்லை எறியும் விதமும் இல்லை. அவை ஆசிரியன் தொண்டையிலிருந்து மாணாக்கன் செவிக்கே செல்லத்தக்கவை. 2009இல் முடிவுற்ற நெடிய போரும், அது தந்த தொடர்ச்சியான இடப்பெயர்வுகளும், இம்மண்ணிலே இக்கைமாற்றத்தைப் பல இடங்களில் அறுத்துவிட்டன. உயிர்களோடு ஏடுகளும் ஒலிநாடாக்களும் உடைப்பெட்டிகளும் அழிந்தன. ஓர் அண்ணாவியார் மறையும்போது மறைவது ஒரு முதியவர் மட்டுமல்லர். அவரளவில் வந்து நின்ற ஒரு பாணி முழுவதும் மறைகின்றது.

செய்யத்தக்கன

ஆகவே பழையதைப் பழித்தலாலோ, புதியதை வெறுத்தலாலோ பயனில்லை. இளைஞர்க்குக் கூத்துப் பயிற்றும் ஆசிரியர்கள் நான்கு செய்திகளை மனங்கொள்ளுதல் நலம்.

முதலாவது, ஒத்திகை முழுவதையும் ஒலிவாங்கியின்றியே நடத்துக. முற்றத்தின் ஒரு கோடியில் நின்று பாடும் மாணவனின் சொல், மறுகோடியில் நிற்பவனுக்கு விளங்கவேண்டும். அரங்கேற்ற நாளில் ஒலிவாங்கியைத் துணையாகக் கொள்க, தாயாகக் கொள்ளற்க.

இரண்டாவது, சுருதியை மாணவனின் தொண்டைக்கேற்பத் தெரிக. நான்கு கட்டை எல்லார்க்கும் உரியதன்று. பருவம் மாறும் வயதில், பெரும்பாலும் 12 முதல் 16 வரையில், ஆண்பிள்ளைகளின் குரல்வளை வளர்ந்து குரல் உடைகின்றது. அக்காலத்தில் உச்சத்தில் வற்புறுத்திப் பாடுவித்தல் தொண்டைக்குத் தீங்கு பயக்கும். முன்னோர் உச்சத்திற் பாடினர் என்பதனாலேயே உச்சம் சிறப்பன்று. அது அன்றைய தேவை. ஒலிவாங்கி இன்று நமக்குச் செய்யும் உண்மையான உதவி, தாழ்ந்த சுருதியுடைய நல்ல நடிகனையும் களரிக்கு அழைத்தலேயாகும்.

மூன்றாவது, ஒலிபெருக்கியை இயக்குபவரையும் குழுவில் ஒருவராகக் கொண்டு ஒத்திகைக்கு அழைத்திடுக. மத்தளமும் பிற்பாட்டும் எவ்வளவில் ஒலிக்கவேண்டும் என்பதை அவர் அறியாவிடில் எல்லார் உழைப்பும் வீணாகும். உடையோடு பொருத்தும் சிறிய ஒலிவாங்கிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றை ஆளும் வாய்ப்புள்ளோர் ஆளுவராயின், ஆட்டமும் பாட்டும் மீண்டும் ஒன்றுகூடும்.

நான்காவது, உயிரோடுள்ள மூத்த கலைஞர்களின் குரலை இப்போதே பதிவுசெய்க. மிலானுக்கும் கல்கத்தாவுக்கும் பெரும் பொறிகளைச் சுமந்துசென்று செய்த பணியை இன்று மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியாற் செய்துவிடலாம். பாடியவர் பெயர், ஊர், நாள், பாத்திரம், மெட்டு ஆகியவற்றையும் கூடவே குறித்து வைத்தல் வேண்டும். பெயரற்ற ஒலி நாளடைவில் பயனற்றதாகும். அப்பதிவின் படியொன்று பாடசாலை நூலகத்திலும் இருத்தல் நலம். இவ்வாண்டு ஒரு வகுப்பு ஓர் அண்ணாவியாரின் குரலைப் பதிவுசெய்யுமாயின், பத்தாண்டில் நம்மிடம் ஒரு கருவூலமே இருக்கும்.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலியோரின் இலக்கணத்தோடு அரங்கின் அளவையும் சேர்த்தே கூறினார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்பது அவ்வளவு. கலைஞனின் திறமும் அவன் நிற்கும் இடமும் ஒன்றோடொன்று இயைந்தன என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். அரங்கு மாறும், கருவி மாறும், சுருதி ஏறும், இறங்கும். கடைசிப் பாயில் அமர்ந்திருக்கும் முதியவளின் செவிக்குக் கண்ணகியின் வழக்கு ஒரு சொல்லும் குறையாமற் சென்று சேரவேண்டும் என்பது மட்டும் மாறாது. அதனைச் செய்யும் குரல் எதுவாயினும், அதுவே நல்ல குரல்.